லிஃப்டில் மாட்டிய வாசனை மெஷினைக் கழற்றக் கோரி

அனுப்புநர்: நான்காம் மாடியில் குடியிருப்பவர், வேளச்சேரி, சென்னை
பெறுநர்: கிளை மேலாளர், கட்டடப் பராமரிப்பு நிறுவனம், சென்னை

ஐயா, வணக்கம்.

போன மாதம் எங்கள் குடியிருப்பின் லிஃப்டிலும் கீழ்த்தள வரவேற்பறையிலும் தானாக வாசனை அடிக்கும் மெஷினை உங்கள் ஆட்கள் மாட்டிவிட்டுப் போனார்கள். 15 நிமிடத்துக்கு ஒரு முறை 'புஸ்' என்று அடிக்கிறது. லிஃப்டில் ஃபேன் ஓடி மூன்று மாதமாகிறது. அடித்ததெல்லாம் உள்ளேயே நிற்கிறது.

என் அம்மாவுக்கு 68 வயது, நாள்பட்ட ஆஸ்துமா. மெஷின் வந்த மூன்றாம் நாள் காய்கறிப் பையோடு லிஃப்டில் ஏறியவர், நான்காம் மாடி வருவதற்குள் இருமி இருமி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். இன்ஹேலரை இரண்டு தடவை இழுத்த பிறகுதான் பேச்சே வந்தது. இப்போது மூட்டுவலியோடு படியேறுகிறார். தினமும் தலையில் மல்லிகை வைப்பவர் அவர். அந்தப் பூ இத்தனை வருடத்தில் அவரை ஒன்றும் செய்ததில்லை, உங்கள் டப்பா மல்லிகைதான் செய்கிறது.

கஸ்டமர் கேரில் கேட்டேன். "நல்ல பிராண்டு மேடம், ஒண்ணும் பண்ணாது" என்றார்கள். சரி, டப்பாவையே பார்ப்போம் என்று பார்த்தால், 'வாசனைப் பொருள்' என்று ஒரே சொல். அதற்குள் எத்தனை ரசாயனம் என்று யார் கண்டது? எலுமிச்சை மணத்துக்குச் சேர்க்கும் லிமோனீன், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு உண்டாகும். அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. எங்கள் லிஃப்டில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு வர அந்த நெடியே போதும்.

செக்யூரிட்டி அண்ணன் 12 மணி நேரம் அந்த மெஷினுக்குக் கீழேதான் உட்கார்கிறார். அவருக்கும் தலைவலி. வேலை போய்விடுமோ என்று வாய் திறக்க மாட்டார். தயவுசெய்து அவரைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள்.

கீழ்த்தளக் கழிவறையில் சாக்கடை நாற்றம் என்று நாங்கள் கொடுத்த புகாருக்குத்தான் இந்த மெஷின் வந்தது. அந்தக் கழிவறையை யாரும் பயன்படுத்துவதில்லை. அதனால் தரை டிராப்பில், அதாவது தரையில் தண்ணீர் போகும் துளைக்கு அடியிலுள்ள வளைவில், நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போய்விட்டது. சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுப்பதே அந்தத் தண்ணீர்தான். எங்கள் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்த பிளம்பர் பார்த்தவுடன் சொன்னார். ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினோம், மறுநாள் நாற்றமே இல்லை. நீங்களோ அங்கே பாச்சை உருண்டைகளைப் போட்டு வைத்திருந்தீர்கள். சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் வைத்தால் என்ன ஆவது? அவற்றை நானே அப்புறப்படுத்திவிட்டேன்.

இரண்டு மெஷின்களையும் இந்த வாரமே கழற்றுங்கள். லிஃப்ட் ஃபேனைச் சரிசெய்து, அந்த டிராப்பில் வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்ற ஆள் சொல்லுங்கள். அப்புறம், பில்லில் 'நறுமணச் சேவை' என்று சேர்த்திருக்கும் தொகையையும் நீக்கிவிடுங்கள். பதிலை எழுத்தில் அனுப்பவும்.

இப்படிக்கு,
நான்காம் மாடிக் குடியிருப்பாளர்