சமய வகுப்பில் கேள்விக்கும் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சமய வகுப்புகளுக்கு வரும் இளையோர் குறைந்துவருவது பற்றிய உங்கள் ஞாயிறு தலையங்கம், கைப்பேசியையும் டியூஷனையும் காரணம் காட்டியது. சரி, அவையும் உண்டு. ஆனால் கேள்வி கேட்கிற பிள்ளையை உடனே நாத்திகன் என்று முத்திரை குத்திவிடுகிறோமே, அதுதான் பெரிய காரணம் என்பேன். பினாங்கில் ஒரு சமய வகுப்பில் உதவி செய்து வருகிறேன். தைப்பூசம் முடிந்த வாரம் நான்காம் படிவ மாணவி ஒருத்தி எழுந்து, “பாட்டி வருசா வருசம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தார். சர்க்கரை நோயால் காலையே எடுக்கும்படி ஆகிவிட்டது. அப்படியென்றால் வேண்டுதல் எதற்கு?” என்று கேட்டாள். “சாமி விஷயத்தில் இப்படியெல்லாம் பேசக்கூடாது” என்று பெரியவர் ஒருவர் அதட்டி உட்கார வைத்தார். அப்புறம் அவள் வகுப்புப் பக்கமே வரவில்லை.

சிவபெருமானிடமே ‘குற்றம் குற்றமே’ என்று வாதாடிய நக்கீரரை மேடையில் புகழ்கிறோம். வீட்டில் ஒரு நக்கீரர் முளைத்தால் மட்டும் பொறுப்பதில்லை. பெரியார் 1929இல் வந்து இறங்கிய ஊர்தான் இது. அதனால் தைப்பூசக் கூட்டம் குறைந்தா போயிற்று? கோயில் நிர்வாகங்கள் வகுப்பின் கடைசி அரைமணி நேரத்தைக் கேள்விகளுக்கென்றே ஒதுக்கலாம். பெயர் எழுதாமல் தாளில் கேட்கவும் விடலாம். அந்த நேரத்தை நடத்துபவர், பதில் தெரியாதபோது தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாதவராக இருக்கட்டும்.

— வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு