குளத்தை வெட்டுமுன் ஒரு குழாய்ச் சேறு எடுக்க விடுங்கள்

திருகோணமலை மாவட்ட நீர்ப்பாசன, கமநல அபிவிருத்தித் திணைக்கள அதிகாரிகளுக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும்,

வணக்கம்.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடித்து ஓய்கிற நேரம் குளங்கள் வற்றும், மண் வெட்டும் பெக்கோ இயந்திரமும் டிப்பரும் இறங்கும். வண்டலை அள்ளினால்தான் குளம் தண்ணீர் பிடிக்கும், அதில் எனக்கு வாதம் இல்லை. அள்ளத் தொடங்குமுன், அடிச்சேற்றைக் குழாயில் எடுத்துப் படிக்க இரண்டு மூன்று நாள் தாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஒவ்வொரு மாரியும் கொண்டுவந்த மண், முந்தின மாரியின் மண்மேல் படிந்திருக்கிறது. குழாயை நேரே இறக்கி, வாயை அடைத்து, குலுங்காமல் தூக்கி, நீளவாட்டில் இரண்டாகப் பிளந்தால் அது கண்ணுக்கே தெரியும். கரும்சாம்பல் களி, இடையில் ஒரு பருமணல் வரி, அதன்கீழ் துருநிறக் கீற்று, எங்கேயாவது ஒரு மீன்செதில். மணல் வரி பெருவெள்ளத்தைக் காட்டலாம். கரித்துகள் கூடிய இடம் காடு எரிந்த காலம். மகரந்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அப்போது சுற்றிவர நின்றது காடா வயலா என்று சொல்லலாம். டயற்றம் என்ற நுண்பாசியின் ஓடுகளைக் கொண்டு தண்ணீர் ஆழமாக நின்றதா, உவர்த்ததா என்றும் அறியலாம். பெக்கோவின் வாளி ஒருமுறை புரட்டினால் இந்த அடுக்கு வரிசை போய்விடும். பிறகு அது வெறும் மண்தான்.

வயதையும் கணிக்கலாம். காலப்போக்கில் சீராகத் தேயும் கதிரியக்கப் பொருள்கள் சேற்றில் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று அளப்பதுதான் வழி: கடைசி நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஈயம்-210, அதற்கு முன்னைய காலத்துக்கு காபன்-14. அணுகுண்டுச் சோதனைகள் வளியில் கலந்த சீசியம்-137, 1963 அளவில் உச்சம் தொட்டது. நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட அது மங்கலாகத்தான் இருக்கும், ஆனாலும் பார்க்க வேண்டும். ஏனென்றால் அதற்குச் சற்று மேலே 1964 டிசம்பர் சூறாவளியின் வரி இருக்க வேண்டும். மூத்தவர்கள் இன்றும் பேசும் அதே சூறாவளிதான். அந்த வரி கிடைத்தால் முறையை நம்பலாம். அப்புறம் அதே மாதிரி வரிகள் கீழே எத்தனை, எந்த இடைவெளியில் என்று எண்ண வேண்டியதுதான்.

இதை வெறும் ஆராய்ச்சி ஆசை என்று ஒதுக்கிவிடாதீர்கள். குளத்தின் மிகைநீர் வழிந்தோடும் வான் எவ்வளவு அகலம் வேண்டும் என்று பொறியியலாளர் கணக்குப் போடுவது மழைப்பதிவை வைத்து. நம்மிடம் உள்ள பதிவு வெள்ளைக்காரன் காலத்துக்கு அப்பால் போகாது. ‘நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்’ என்பதை அவ்வளவு குறுகிய பதிவிலிருந்து சொல்வது பாதி ஊகம். சேற்றுக்கு நினைவு அதிகம்.

மலைநாட்டு ஹோட்டன் சமவெளியில் ஆய்வாளர் இரத்னசிறி பிரேமதிலக மகரந்தத்தைக் கொண்டு ஏறக்குறைய 24,000 ஆண்டுக் காலநிலையைப் படித்திருக்கிறார். நல்ல வேலை. ஆனால் அது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையின் கதை. நம் பெரும்போக நெல்லை நனைப்பது வாடை மழை, அதாவது வடகிழக்குப் பருவமழை. மலையில் எடுத்த விடையை வைத்துத் தம்பலகாமத்து வயலுக்குக் கணக்குப் பார்க்க முடியாது.

எல்லாக் குளமும் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் வெடித்துக் காய்ந்து மாடு மிதிக்கிற சின்னக் குளத்தில் அடுக்குகள் குழம்பியிருக்கும். கந்தளாய் போல ஆழத்தில் தண்ணீர் நிற்கும் குளம் வேண்டும். அங்கேயும் 1986 ஏப்ரல் 20 இல் கட்டு உடைந்த பக்கத்தை விட்டுத் தள்ளித்தான் எடுக்க வேண்டும், பாய்ந்த நீர் அடியை அறுத்திருக்கும். கந்தளாயைக் கட்டியது குளக்கோட்டன் மன்னனா இரண்டாம் அக்கபோதி மன்னனா என்று நம்மூரில் சண்டை ஓயாது. சேறு பெயர் சொல்லாது. முதல் வண்டல் எந்த நூற்றாண்டில் படிந்தது என்பதை வேண்டுமானால் சொல்லும்.

ஆகவே இதை அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் பேச எடுங்கள். எந்தக் குளத்தில் எப்போது வெட்டு என்று பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறைக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் போடுங்கள். ஆழமான பக்கத்தில் ஒரு துண்டை வெட்டாமல் விடுங்கள், பிறகு வருபவர்களுக்கு உதவும். பிளந்த சேற்றில் ஒரு பாதி பேராதனைக்குப் போகட்டும். மற்றப் பாதியைக் குளிரூட்டி வைக்க கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் ஓர் அறை கேளுங்கள். நம் பிள்ளைகளும் பார்க்கத்தான் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
தம்பலகாமம்