ஸ்டீல் டிசைனுக்கு வரும் மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

பம்ப் டிசைன் வேலையை விட்டுவிட்டு ஸ்டீல் ஸ்ட்ரக்சர் பக்கம் போகலாமா என்று கேட்டாய். "மெக்கானிக்கல் படித்தவனுக்கு சிவில் வேலை எதற்கு?" என்று அப்பா உடனே சொல்லிவிட்டார். துவாக்குடி ஒர்க்‌ஷாப்பில் இத்தனை வருடம் ஃபேப்ரிகேஷன் டிராயிங் (ஸ்டீலை வெட்டி இணைப்பதற்கான வரைபடம்) போட்ட எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பெரிய அனல் மின் நிலைய பாய்லரை எடுத்துக்கொள். அது மேலேயுள்ள கர்டர்களிலிருந்து, அதாவது பெரிய ஸ்டீல் உத்திரங்களிலிருந்து, தொங்குகிறது. சூடேறினால் கீழ்நோக்கி நீள இடம் வேண்டுமே! அதைத் தாங்கும் ஸ்ட்ரக்சரை டிசைன் பண்ணுகிறவருக்கு வெப்ப விரிவு புரிந்திருந்தால் எவ்வளவு நல்லது. பைப்புகளைத் தாங்கும் பைப் ரேக், கிரேன் ஓடும் கர்டர், கன்வேயர் கேலரி எல்லாவற்றிலும் மெக்கானிக்கல் அறிவு உதவும். நீ அந்தப் பக்கமாகவே நுழை.

புதிதாகப் படிக்க வேண்டியதும் உண்டு. ஸ்டீல் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 800:2007, லிமிட் ஸ்டேட் (தாங்கும் எல்லையை வைத்துக் கணக்கிடும்) முறையில் போகிறது. சாதாரண எடைகளை 1.5ஆல் பெருக்கு, ஸ்டீலின் ஈல்டு பலத்தை (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவை) 1.10ஆல் வகு. இது சீக்கிரம் பழகிவிடும். பக்லிங், அதாவது அமுக்கும்போது பக்கவாட்டில் வளைவது, அதுதான் புரிய நாள் எடுக்கும். ஈல்டு பலம் 250 மெகாபாஸ்கல் உள்ள இ250 ஸ்டீல் என்றாலும், ஒல்லியான நீள ஆங்கிளை (L வடிவ ஸ்டீல் துண்டை) அமுக்கினால் அந்த அளவை எட்டும் முன்பே வளைந்துவிடும். பிரேசிங் (குறுக்கே கொடுக்கும் தாங்கு கம்பிகள்) எதற்கு என்பது அப்போதுதான் மனதில் பதியும்.

எல்லாவற்றையும் விட இணைப்பைப் பார், கண்ணா. சாஃப்ட்வேரில் பீமும் தூணும் சந்திக்கும் இடம் வெறும் புள்ளி. ஷாப்பில் அந்தப் புள்ளியில்தான் கஸட் பிளேட் (இணைப்புத் தகடு), போல்ட், வெல்டிங் எல்லாம் வந்து நிற்கும், ஸ்பேனர் நுழைய இடம் இருக்கிறதா என்ற கவலையும் சேர்ந்து.

இணைப்பில் தவறினால் என்ன ஆகும் என்று பார். 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில், ஹயாத் ரீஜென்சி ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதல் டிசைனில் கூரையிலிருந்து இறங்கும் ஒரே ராடு நான்காம் மாடி நடைபாதை வழியாக இரண்டாம் மாடி நடைபாதை வரை போனது. அவ்வளவு நீளத்துக்கு மரை வேண்டியிருந்ததால், ஷாப் தரப்பில் அதை இரண்டு ராடாகப் பிரித்தார்கள். கீழ் நடைபாதை மேல் நடைபாதையின் பீமிலிருந்தே தொங்கியது. அந்த பீமுக்கு அடியில் இருந்த நட்டு இரண்டு நடைபாதைகளின் சுமையையும் தாங்க வேண்டியதாயிற்று. மாற்றிய டிராயிங்கில் டிசைனரின் ஒப்புதல் முத்திரையும் விழுந்தது. அந்த பீமை மட்டும் தனியே வரைந்து அதன்மேல் வரும் விசைகளைக் காட்டும் ஒரு ஃப்ரீ பாடி படம் போட்டிருந்தால் உன் கல்லூரி ஜூனியர்கூடக் கண்டுபிடித்திருப்பான்.

ஷாப்பில் இருக்கும் நாங்கள் இப்படி மாற்றம் கேட்டுக்கொண்டே இருப்போம். எங்கள் பக்கம் நியாயமான காரணமும் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு சரி சொல்வது உன் பொறுப்பு. பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிப் பார்த்துத் திருத்தலாம். ஷெட்டை எழுப்பிய அன்றே கீழே ஆட்கள் வேலை செய்வார்கள்.

சம்பளம் முதலில் குறையலாம். புது வேலையில் நீ காலூன்றும் வரை வீட்டுக்குப் பணம் அனுப்பாதே, எங்களுக்குப் போதும். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா