மல்லியின் கூண்டுக் கதவு

அங் மோ கியோ, சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் கயல்விழிக்கு,

நேற்றிரவு நீ தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்ததில் எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் நாய் மல்லியைக் கூண்டில் விட்டு நீங்கள் இருவரும் வேலைக்குப் போன இரண்டு மணி நேரத்துக்குள், அவள் கம்பியைக் கடித்து ஈறு கிழிந்து நின்றாள் என்று கேட்டபோது அம்மாவும் கலங்கிவிட்டாள். வாயால் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன்.

மல்லிக்குப் பிடிவாதம் என்று தயவுசெய்து நினைக்காதே. துவாஸ் தொழிற்பேட்டையில் வளர்ந்தவள் அவள். தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து வீடு தேடித்தரும் திட்டம் 2018இல் தொடங்கியதல்லவா, அதன் கீழ் உணவு வைத்த பொறிக்கூண்டில் பிடிபட்டவள் என்று காப்பகத்தார் உன்னிடமே சொன்னார்கள். பசியோடு உள்ளே நுழைந்தாள், பின்னால் கதவு விழுந்தது, அதன்பிறகு பிறந்த இடத்தையும் உடன்பிறந்த நாய்களையும் அவள் பார்க்கவேயில்லை. கூண்டைக் காணும்போதெல்லாம் அவளுக்கு அந்த நாள்தான் திரும்பி வருகிறது.

குரைத்து ஓய்ந்தால் பழகிவிடும் என்று மாப்பிள்ளை சொல்வதை நான் குறையாகக் கருதவில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். நீ தொடக்கநிலை மூன்றில் படித்தபோது நம் வீட்டிலிருந்த பொமரேனியனை இரவில் கூண்டில் பூட்டினேன். நான்காம் நாள் சத்தம் நின்றதும் பழகிவிட்டான் என்று மகிழ்ந்தேன். காலையில் பார்த்தால் விரிப்பு முழுவதும் எச்சில் ஈரம், முன்னங்காலில் ஒரு நகம் பிய்ந்திருந்தது. கூப்பிட்டும் பயனில்லை என்று தெரிந்துதான் அவன் வாயை மூடியிருக்கிறான். அந்த நகம் இன்றும் என் மனத்தில் இருக்கிறது.

ஆகையால் முதலில் கூண்டின் கதவைக் கழற்றிவிட வேண்டும். கூண்டைச் சமையலறைக்குப் பின்னால் வைக்காமல், நீங்கள் உட்காரும் கூடத்தின் மூலையில், மின்விசிறிக் காற்று படும்படி வை. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும் என்பதால், நம் ஊர்ப் புழுக்கத்தில் போர்வையால் முழுவதும் மூடுவது ஆபத்து. உணவுத் தட்டை முதல் நாள் வாசலுக்கு வெளியே வைத்து, அவள் தயங்காமல் தின்கிறாள் என்றால் மறுநாள் ஒரு சாண் உள்ளே தள்ளு. பின்புறத்திலிருந்து தள்ளுவதோ, கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுப்பதோ ஒருபோதும் கூடாது. ஒருமுறை செய்தாலும் பத்து நாள் உழைப்பு வீணாகும்.

அவள் தானாகவே உள்ளே போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகுதான் கதவை மாட்ட வேண்டும். அவள் கோழித்துண்டைத் தின்றுகொண்டிருக்கும்போது மூன்று எண்ணும்வரை சாத்தி, தின்று முடிக்குமுன்பே திறந்துவிடு. பிறகு அரை நிமிடம், ஒரு நிமிடம், நடுவே மீண்டும் பத்து விநாடி என்று மாற்றிமாற்றிச் செய். தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, வெயிலில்லாமல் இரைப்பது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது ஆகியவை குரைப்புக்கு முன்பே வரும் அறிகுறிகள். அவற்றைக் கண்டால் முந்தைய படிக்கே திரும்பிவிடு. எத்தனை வாரம் ஆகும் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடு, கம்பியில் மாட்டிக்கொள்ளும். வேர்க்கடலை வெண்ணெய் தடவிக் கொடுப்பதாக இருந்தால் டப்பாவில் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி இருக்கிறதா என்று பார்த்துவிடு; அது நாய்க்கு நஞ்சு.

இன்னொன்றையும் நீ கண்டறிய வேண்டும். கூண்டில்லாமல் வீட்டில் விட்டு, கைத்தொலைபேசியில் படமெடுக்க வைத்துவிட்டு, மின்தூக்கி வரை போய்த் திரும்பிப் பார். அமைதியாக இருந்தாள் என்றால் கூண்டுதான் அவளுக்குப் பயம். பழகும்வரை தடுப்புக் கதவு போட்ட ஓர் அறை போதும். அப்போதும் அலறினாள் என்றால் அது தனிமையின் பயம், கூண்டில் அடைத்தால் காயம்தான் கூடும். அந்த நிலையில் தயங்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோ. பயத்தைத் தணிக்கும் மருந்துகள் இருக்கின்றன, அவற்றைக் கொடுப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை.

கூண்டே வேண்டாம் என்று அம்மா சொல்கிறாள். என்றாவது கால்நடை மருத்துவமனையில் ஓரிரவு தங்க நேர்ந்தால் மல்லி நடுங்கக் கூடாதே என்பதற்காகத்தான் நான் மெல்லப் பழக்கச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டாரிடம் இன்றே பழம் வாங்கிப் போய் நிலைமையை எடுத்துச் சொல்லிவிடு. பகலில் மல்லியைத் தனியே விட வேண்டாம். நானும் அம்மாவும் நாள் மாற்றி பொங்கோலில் உள்ள உங்கள் வீட்டுக்கு வருகிறோம். நாளைக் காலை ஏழரைக்கு நான் வந்துவிடுவேன். உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் அம்மா கோழி அவித்துத் தருவாள், திருப்புளியும் கொண்டுவருகிறேன். கழற்றிய கதவை மல்லியின் கண்ணில் படாமல் கட்டிலுக்கடியில் வைத்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா