நோயாளியிடம் கேட்கும் செயலிக்குப் பதில் சொல்லவும் ஆள் வேண்டும்

புற்றுநோய் ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுக்களின் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கீமோ ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிய ஒரு பெண்ணுக்குப் பத்தாவது நாள் இரவில் காய்ச்சல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் சமயம் அது. 100.4 டிகிரியைத் தொட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று வார்டிலேயே சொல்லித்தான் அனுப்புவார்கள். அவளுடைய போனில் ஓர் ஆய்வுச் செயலி இருக்கிறது. "இன்று காய்ச்சல் இருந்ததா?" என்று கேட்கிறது. "ஆம்" என்று அழுத்துகிறாள். "நன்றி, உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது" என்று வருகிறது. சரி, சொல்லிவிட்டோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று படுத்துவிடுகிறாள்.

அந்தப் பதிலை அன்று யாரும் பார்க்கப் போவதில்லை. ஆய்வு முடிந்த பிறகு யாரோ ஒருவர் எல்லாப் பதில்களையும் மொத்தமாக இறக்கி அட்டவணை போடுவார். திட்ட அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருக்கும். உங்களைப் போன்ற ஒரு குழு அதில் கையெழுத்தும் போட்டிருக்கும்.

மேலே சொன்னது கற்பனை. நடந்ததையும் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து இப்போது ரிவியூவுக்கு மட்டும் போய்வருகிறவள் நான். சிகிச்சைக்குப் பிந்தைய வாழ்க்கை பற்றிய ஓர் ஆய்வில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். செயலி வாராவாரம் தூக்கம், சோர்வு, கை வீக்கம் என்று விசாரித்தது. கை வீக்கம் கூடிக்கொண்டே போவதை நானும் ஒழுங்காகப் பதிவு செய்தேன். அடுத்த ரிவியூவில் பேச்சை எடுத்தால், டாக்டருக்கு அப்படி ஓர் ஆய்வு நடப்பதே தெரியவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை.

செயலியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து டாக்டரைச் சில நிமிடங்கள் பார்க்கிறோம். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பேசி முடிப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். விரல் நுனி மரத்துப்போய்ப் பூக்கட்ட முடியவில்லை, குடத்தைத் தூக்கினால் கை கனக்கிறது, அடுப்பில் பால் வைத்ததே மறந்துபோகிறது என்பதெல்லாம் ஓ.பி. சீட்டில் ஏறுவதில்லை. இது எத்தனை பேருக்கு வருகிறது, எத்தனை வருடம் நீடிக்கிறது என்று தெரிந்தால்தான் எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு ஏதாவது செய்ய முடியும். இரண்டு ரிவியூக்களுக்கு நடுவே எங்களோடு இருப்பது போன் மட்டும்தான்.

2015 மார்ச்சில் ஆப்பிள் நிறுவனம் போன் வழியாக மருத்துவ ஆய்வு நடத்த உதவும் ரிசர்ச்கிட் என்ற ஏற்பாட்டை வெளியிட்டபோது கூடவே வந்த ஐந்து செயலிகளில் ஒன்று, மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர்களுக்கானது. சோர்வு, மனநிலை, நினைவாற்றல், தூக்கம், உடற்பயிற்சி ஆகிய ஐந்தையும் அது கவனித்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஐபோன் வைத்திருந்தவர்களுக்கு மட்டும். அமெரிக்காவில் போன் வழியாக நடந்த, வெவ்வேறு நோய்கள் பற்றிய எட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஒரு கட்டுரை 2020-இல் வெளிவந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவு. அதில் பாதிப் பேர் ஐந்தரை நாளிலேயே விலகிவிட்டார்கள். யார் அதிகம் தங்கினார்கள் என்றும் பார்த்திருக்கிறார்கள். பணம் கொடுத்தபோது, தங்கிய காலம் இடைநிலைக் கணக்கில் (சரிபாதிப் பேர் தாண்டும் அளவில்) 22 நாள் கூடியது. சிகிச்சை தரும் மருத்துவரே சொல்லி அனுப்பியபோது 40 நாள் கூடியது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. தெரிந்த டாக்டர் சொன்னால், நாம் எழுதுவதை அவர் பார்ப்பார் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது.

அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஈதன் பாஷ் குழுவினர், நோய் பரவிய நிலையில் கீமோ எடுத்த 766 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் 12 உபாதைகளைக் கணினி வழியாகத் தெரிவித்தார்கள். ஏதாவது ஒன்று கடுமையானால் நர்ஸுக்கு உடனே மின்னஞ்சல் போகும். முக்கால்வாசிக்கும் மேற்பட்ட தடவைகளில் நர்ஸ்கள் உடனடியாக ஏதாவது செய்தார்கள். போனில் கூப்பிட்டு ஆலோசனை சொன்னார்கள், மருந்தை மாற்ற ஏற்பாடு செய்தார்கள், வரச் சொன்னார்கள். 2017-இல் வந்த முடிவு: வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களின் இடைநிலை வாழ்நாள் 26 மாதம், கணினியில் தெரிவித்தவர்களுக்கு 31.2 மாதம். அதற்கும் முந்தைய அறிக்கையில் ஒரு தகவல் உண்டு, அதுதான் எனக்கு அதிகம் பிடித்திருந்தது. கணினிப் பழக்கமே இல்லாதவர்களுக்குத்தான் கூடுதல் பலன் கிடைத்தது.

பிறகு அமெரிக்காவின் 52 சிகிச்சை மையங்களில் இதையே பெரிதாகச் செய்தார்கள். வாழ்நாள் வித்தியாசம் அங்கே தெரியவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. உடல் இயக்கமும் உபாதைக் கட்டுப்பாடும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. அந்த ஆய்வில் இணையம் வேண்டாம் என்பவர்கள், தானாக வரும் தொலைபேசி அழைப்பிலேயே பதில் சொல்ல முடிந்தது.

நம் ஊருக்கு அந்தத் தொலைபேசி வழி மிகவும் பொருந்தும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் தாங்களே பயன்படுத்தும் கைபேசி வைத்திருப்பவர்கள் 53.9 சதவீதம். ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் 33.3 சதவீதம். அறுபது வயது அம்மாக்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை. அவர்கள் நம்பர் என்று கொடுப்பது மகனுடையதாக இருக்கும். மகன் வேலைக்குப் போய்விட்டால் போனும் போய்விடும். ஓ.டி.பி. அவனுக்கு வரும், கேள்விக்குப் பதிலையும் அவனே போடுவான். அம்மாவின் வலிக்கு மகன் போடும் மதிப்பெண்ணை வைத்து என்ன ஆய்வு செய்வது?

இதைவிடக் கஷ்டமான ஒன்று இருக்கிறது. பல வீடுகளில் நோயாளியிடமே கேன்சர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். "சின்னக் கட்டி, எடுத்தாச்சு" என்பதோடு நிறுத்தியிருப்பார்கள். சில வீடுகளில் நோயாளிக்குத் தெரியும், சம்பந்தி வீட்டுக்குத் தெரியாது. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், எல்லோர் கையிலும் புழங்கும் போனில் "புற்றுநோய் நலம்: இன்றைய கேள்விகள்" என்று ஒரு நோட்டிஃபிகேஷன் வந்து நின்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று ஆய்வாளர்களிடம் கேட்டிருக்கிறீர்களா? திரையில் என்ன பெயர் வரும், என்ன படம் வரும் என்று போனை வாங்கிப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.

இதையெல்லாம் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 17-ஆம் பிரிவில் ஆய்வுக்கு விலக்கு தருகிறது. நிர்ணயிக்கப்பட்ட தரங்களைப் பின்பற்ற வேண்டும், குறிப்பிட்ட நபரைப் பற்றி முடிவெடுக்க அந்தத் தரவைப் பயன்படுத்தக் கூடாது என்பவை நிபந்தனை. நல்ல நோக்கத்தில் வைத்ததுதான். ஆனால் காய்ச்சலைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிடுவதும் ஒரு முடிவுதானே? விலக்கு போய்விடும் என்று காரணம் காட்டி ஆய்வாளர் சும்மா இருந்துவிடலாம். அப்படிக் கூப்பிடுவதற்கு மட்டும் தனியாகச் சம்மதம் வாங்கச் சொல்லுங்கள். எங்களைக் கூப்பிடலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் குறைவுதான்.

தடுப்பு ஆய்வுகளுக்கும் இதே அளவுகோல்தான். திண்டுக்கல் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான ஆய்வு நடந்தபோது செயலி ஏதும் இல்லை. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவி, நிறம் மாறுகிறதா என்று பார்த்தார்கள். சந்தேகம் வந்தால் அங்கேயே அடுத்த பரிசோதனை, தேவைப்பட்டவர்களுக்கு அதே வருகையில் உறைவிப்புச் சிகிச்சை (கெட்ட திசுவை உறையவைத்து அழிப்பது). 2007-இல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி அந்த நோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. இன்று "உங்களுக்கு ஆபத்து அதிகம்" என்று சிவப்பு எழுத்தில் காட்டிவிட்டுப் போகும் செயலிகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த ஊரில், எந்தக் கிழமை, எந்த அறைக்குப் போக வேண்டும் என்று சொல்லாத செயலி பயத்தை மட்டும்தான் கொடுக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி உங்கள் குழுவில் மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும். இந்த மடலை அவருக்காகவே அதிகம் எழுதினேன். சர்வர், குறியாக்கம் என்று பேச்சு போகும்போது அவர் பேசாமல் இருந்துவிடக் கூடாது. அவர் கேட்க வேண்டியவை எளிமையானவை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு நோயாளி "மூச்சு வாங்குகிறது" என்று அழுத்தினால் யாருடைய போன் அடிக்கும்? அவர் லீவில் இருந்தால்? அப்படி யாரும் இல்லை என்றால், "இதை யாரும் உடனே பார்ப்பதில்லை, அவசரமென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்" என்று ஒவ்வொரு முறையும் திரையில் பெரிய எழுத்தில் வருமா? வாராவாரம் நாங்கள் சொன்னது எங்கள் டாக்டரின் மேசைக்குப் போகுமா? ஆய்வு முடிந்ததும் என்ன கண்டுபிடித்தார்கள் என்று தமிழில் ஒரு பக்கமாவது எங்களுக்கு வருமா?

இதற்கெல்லாம் ஆள் ஏது, பணம் ஏது என்பார்கள். அடுத்த முறை இப்படி ஒரு விண்ணப்பம் வரும்போது பட்ஜெட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். செயலி உருவாக்க, பராமரிக்க, மாநாட்டுக்குப் போய்வர என்று வரிகள் இருக்கும். பதில் சொல்லும் நர்ஸின் சம்பளம் எந்த வரியில் இருக்கிறது என்று கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சிகிச்சை முடித்து ரிவியூவில் இருக்கும் ஒருத்தி