சிவப்புப் பெட்டியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இங்கிலாந்துக் கிராமங்களில் ஆள் உள்ளே நின்று பேசுகிற பழைய சிவப்பு டெலிபோன் பெட்டிகள் பலவற்றுக்கு, தேவாலயத்துக்கும் மாளிகைக்கும் கொடுக்கிற அதே மாதிரி சட்டப் பாதுகாப்பு உண்டு என்று சொன்னால் நம்மவர்கள் சிரிக்கிறார்கள். எல்லார் கையிலும் போன் இருக்கும்போது இது எதற்கு என்று நானும் கேட்டவன்தான்.

ஆனால் அது வெறும் தகரப் பெட்டி இல்லை சார், வார்ப்பிரும்பு! ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவை ஒட்டி 1935-இல் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த ‘கே6’ என்ற மாதிரிப் பெட்டிதான் ஊர் ஊராகப் போய் நின்றது. லிவர்பூல் ஆங்கிலிகன் பேராலயத்தை வடிவமைத்தவரும் அவரே. பாதுகாப்புப் பட்டியலில் ஏறிவிட்டால் அனுமதியில்லாமல் பெட்டியைப் பிடுங்க முடியாது.

பட்டியலில் இல்லாத பெட்டிகளுக்கும் வழி இருக்கிறது. பிரிட்டிஷ் டெலிகாம் 2008 முதல் ஒரே ஒரு பவுண்டுக்கு ஊர் கவுன்சிலிடம் பெட்டியை ஒப்படைக்கிறது, போன் மட்டும் இருக்காது. அப்புறம் அதில் புத்தக அலமாரி வைக்கிறார்கள், திடீரென இதயத் துடிப்பு நின்றுபோனவரைக் காப்பாற்ற, மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவியை மாட்டுகிறார்கள். ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும் குக்கிராமத்தில் இது சின்ன விஷயமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், பெட்டி வந்த புதிதில் இந்தச் சிவப்பு கண்ணை உறுத்துகிறது என்று கிராமத்துக்காரர்களே எதிர்த்தார்கள், சில அழகான இடங்களில் சாம்பல் நிறம்கூட அடித்தார்கள். இப்போது யாராவது அந்தச் சிவப்பை மாற்றிப் பார்க்கட்டும்!

இப்படிக்கு,
ஒரு வாசகர்