இரண்டாவது கணக்கையும் கணக்கில் எடுங்கள்

துகள் இயற்பியலில் வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும், ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

துகள்கள் ஒன்றோடொன்று வினைபுரிவதைப் படமாகக் காட்டும் ஃபெயின்மன் வரைபடங்களை இரண்டு வளையம், மூன்று வளையம் என்று கணக்கிட்டே பதினோரு ஆண்டுகளைக் கழித்தவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நேர்காணலில், என் விண்ணப்பத்தைப் புரட்டிய ஒருவர், "இந்த மூன்று வருடத்தில் நீங்கள் செய்தது ஏற்கெனவே வெளிவந்த முடிவுதானே, இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அவர் குரலில் கடுமை இல்லை. வேறு வழியில், வேறு நிரலில், முதல் வரியிலிருந்து செய்து அதே விடைக்கு வந்தேன் என்றேன். "சரி, ஒத்துப்போய்விட்டது" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போனார். வேலை கிடைக்கவில்லை, அதைப் பற்றி இப்போது புகார் இல்லை. அவருக்கு அன்று சொல்ல வாய் வராத பதிலை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் செய்வது என்ன என்பதை, வேறு துறையிலிருந்து குழுவுக்கு வந்திருப்பவர்களுக்காக ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். துகள்களுக்கு இடையிலான விசையின் வலிமை சிறியதாக இருக்கும்போது, விடையை அந்தச் சிறிய எண்ணின் அடுக்குகளாகப் பிரித்து எழுதலாம். முதல் படி எளிது. அடுத்தடுத்த படிகளில் வரைபடங்களில் வளையங்கள் கூடும், தொகையீடுகள் கூடும், உழைப்பு பல மடங்காகும். 1948-இல் ஷ்விங்கர் எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனுக்கு முதல் திருத்தத்தைக் கண்டுபிடித்தார். அது மின்காந்த விசையின் வலிமையைச் சொல்லும் நுண்ணமைப்பு மாறிலியை இரண்டு பையால் (2π) வகுத்தால் வருவது, சுமார் 0.00116. அதற்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வளையம். நான்கு வளையங்களுக்கு 891 வரைபடங்கள் வேண்டும். ஐந்துக்கு 12,672.

என் கதை இரண்டாவது வளையத்தில் தொடங்குகிறது. 1950-இல் கார்ப்ளஸும் கிரோலும் அதைக் கணக்கிட்டு, அந்தப் படியின் கெழு (சிறிய எண்ணின் அடுக்கைப் பெருக்கும் எண்) −2.973 என்று வெளியிட்டார்கள். ஏழு ஆண்டுகள் அந்த எண் நின்றது. புதிய அளவீடு ஒன்று அதோடு பொருந்தாமல் போன பிறகுதான் மறுபடி பார்த்தார்கள். 1957-இல் பீட்டர்மனும் சாமர்ஃபீல்டும் தனித்தனியே கண்ட சரியான விடை −0.328. கொஞ்சநஞ்ச வித்தியாசம் இல்லை, ஏறக்குறைய ஒன்பது மடங்கு. 1950-இன் கணக்கைத் தனித்தனியே செய்ததாகச் சொல்லப்பட்டவர்கள் எப்படி ஒரே தவறைச் செய்தார்கள் என்ற கேள்விக்கு ஃபெயின்மன் பின்னாளில் பதில் சொன்னார்: கடைசிக் கட்டத்தில் குறிப்புகளை ஒப்பிட்டு வேறுபாடுகளைச் சரிசெய்துகொண்டார்கள், ஆகவே அவை உண்மையில் தனித்தனிக் கணக்குகளே அல்ல. இந்தப் பதிலை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. இரண்டு பேர் செய்தார்கள் என்பது போதாது. ஒருவர் மற்றவர் தாளைப் பார்க்காமல் செய்திருக்க வேண்டும்.

"உங்கள் கணக்கிலேயே சரிபார்ப்பு இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. கணக்கின் நடுவே வரும் முடிவிலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக வேண்டும். நாங்கள் விருப்பம்போல் தேர்ந்தெடுக்கும் கேஜ் அளவுரு விடையிலிருந்து மறைய வேண்டும். இரண்டும் நடந்தால் நாங்கள் நிம்மதியாகத் தூங்குவோம். ஆனால் முடிவிலிகள் சரியாக நீங்கிய பிறகும், மிஞ்சும் முடிவுள்ள பகுதியில் ஒரு மாறிலி தவறாக இருக்கலாம். அதைக் காட்டிக்கொடுக்க எந்தச் சமச்சீரும் இல்லாமல் போகலாம். முடிவுகளோடு நாங்கள் போடும் பிழைப் பட்டையும் இதற்கு உதவாது. கணக்கில் நாங்களாகத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் அளவுகோலை இரண்டால் பெருக்கியும் வகுத்தும் பார்த்து வரையும் அந்தப் பட்டை, கணக்கிடாத அடுத்த படிகள் எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்று உத்தேசமாகச் சொல்கிறது. கணக்கிட்ட படியில் ஒரு குறி மாறிப்போனதை அது சொல்லாது.

குறி என்றதும் எலக்ட்ரானின் கனமான உறவான மியூவான் நினைவுக்கு வருகிறது. 2001-இல் அதன் காந்தத் திருப்புத்திறனை அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகம் அளந்த எண் கோட்பாட்டிலிருந்து 2.6 சிக்மா (பிழையளவைப் போல 2.6 மடங்கு) விலகி நின்றபோது உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது. கோட்பாட்டு எண்ணில் ஒளி ஒளியோடு மோதிச் சிதறும் ஒரு சிறு பங்கு உண்டு. (அது எங்கள் வளையக் கணக்குகளைப் போல முழுக்க அடுக்குத் தொடரால் வருவதல்ல, கோட்பாட்டு மாதிரிகளும் தேவைப்படும். பாடம் மட்டும் ஒன்றுதான்.) அதை முன்பே இரண்டு குழுக்கள் கணக்கிட்டு, ஒரே குறியைச் சொல்லியிருந்தன. க்னெக்ட்டும் நைஃபெலரும் வேறு வழியில் செய்தபோது குறி எதிராக வந்தது. விலகல் 1.6 சிக்மாவாகக் குறைந்தது. ஒரு குழுவின் கணக்கில் பிழை நுழைந்த இடம் தெரியுமா? ஃபார்ம் என்ற இயற்கணித நிரலில், எப்சிலான் டென்சர்கள் எனப்படும் குறி மாறும் எண் தொகுதிகளின் பெருக்கலுக்கு எந்தக் குறி மரபு கையாளப்படுகிறது என்பதைக் கவனிக்காமல் விட்டதில். நிரல் தன் மரபுப்படி சரியாகவே வேலை செய்தது. மரபைத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

என் சொந்தக் கணக்கிலும் எட்டு மாதம் இப்படித்தான் போனது. வெளியான விடையோடு எல்லா நிறக் காரணிகளிலும் (வலுவிசையின் 'நிறம்' தரும் பெருக்கெண்களிலும்) ஒத்துப்போய், ஒன்றே ஒன்றில் மட்டும் வேறாக வந்தது. அவர்கள் தவறா, நான் தவறா? இறுதியில் நான்தான். ஒரு வரைபட வகையில் சமச்சீர்க் காரணியான அரையை விட்டிருந்தேன். அந்த எட்டு மாதமும் அவர்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். ஆனால் அப்போது என் கணக்கு சரிபார்ப்பாக இருந்திருக்காது. அந்த எட்டு மாதத்தில் வெளியே காட்ட எதுவுமே இல்லை. விண்ணப்பப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமும் கிடையாது.

பெரிய முடிவுகளைப் பாருங்கள். வலுவிசையின் பீட்டா சார்பை (விசையின் வலிமை ஆற்றலோடு எப்படி மாறுகிறது என்று சொல்வதை) நான்கு வளையங்களுக்கு 1997-இல் வான் ரிட்பெர்கன், வெர்மசெரன், லாரின் கண்டார்கள். ஏறக்குறைய ஐம்பதாயிரம் வரைபடங்கள். அதைச் சகன் தனியே உறுதிசெய்தது 2004-இல். ஏழு ஆண்டுகள் உலகம் ஒரே கணக்கின் மேல் நின்றது. மோதல்களில் ஹிக்ஸ் துகள் உருவாகும் வீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் திருத்தமே அந்த வீதத்தைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கியது. அப்படிப்பட்ட தொடரில் அடுத்த படியை யாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அடுத்த படியை 2002-லும் 2003-லும் மூன்று குழுக்கள் தனித்தனியே செய்தன: ஹார்லாண்டரும் கில்கோரும், அனஸ்தாசியுவும் மெல்னிகோவும், அப்புறம் ரவீந்திரன், ஸ்மித், வான் நீர்வன். 2012-இல் ஹிக்ஸ் கண்டுபிடிக்கப்பட்டபோது கோட்பாட்டு எண்ணை நம்பி அளவீட்டோடு ஒப்பிட முடிந்ததில் அந்த இரண்டாவது, மூன்றாவது கணக்குகளுக்கும் பங்கு உண்டு. இன்றைய விதிகளின்படி மூன்றாவது குழுவின் விண்ணப்பத்தை நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

சரிபார்ப்பு என்றால் பழைய விடையை நகலெடுப்பது என்று நினைப்பவர்களுக்கு ஐந்து வளைய எலக்ட்ரானைக் காட்டுவேன். 12,672 வரைபடங்களையும் அவோயாமா, ஹயகாவா, கினோஷிட்டா, நியோ ஆகிய நால்வர் 2012-இல் எண்முறையில் முடித்தார்கள். அதற்காக, நிரல்களை எழுதும் ஒரு நிரலையே உருவாக்கினார்கள். அதை முதலில் நான்கு வளையத்தில் ஓட்டிப் பார்த்தபோது தங்களுடைய பழைய முடிவிலேயே பிழை இருந்ததைக் கண்டு, 2007-இல் திருத்தி வெளியிட்டார்கள். அதனால் நுண்ணமைப்பு மாறிலியின் மதிப்பே நகர்ந்தது. பின்னர் 2019-இல் வோல்கோவ், உட்புற வளையங்களில் லெப்டான்கள் வராத 6,354 வரைபடங்களைத் தன் முறையில் கணக்கிட்டார். விடை ஏறக்குறைய 5 சிக்மா தள்ளி வந்தது. ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் எதிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஒரே அமைப்பைக் கொண்ட 98 துண்டுகளில் சிறு விலகல்கள் ஒரே பக்கமாகச் சேர்ந்திருந்தன. அவற்றை இன்னும் அதிக மாதிரிப் புள்ளிகளோடு மறுபடி ஓட்டியதும் இடைவெளி மறைந்தது. தனி ஒருவர் உட்கார்ந்து மறுபடி கணக்கிட்டிராவிட்டால் இது வெளியே வந்திருக்குமா?

கருவிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல வளையக் கணக்குகளுக்கு முதுகெலும்பான ஃபார்ம் நிரலை வெர்மசெரன் 1984 முதல் வளர்த்துவந்தார். கடினமான தொகையீடுகளை எளியவையாகக் குறைக்க செட்டிர்கின், ட்காச்சோவ் 1981-இல் தந்த பகுதித் தொகையீட்டு உறவுகளும், அவற்றைக் கணினிக்குப் பழக்கிய லப்போர்ட்டாவின் வழிமுறையும் இல்லாமல் இன்று பெரும்பாலும் யாரும் இரண்டு வளையத்தைத் தாண்ட நினைப்பதில்லை. ஆனால் இந்த நிரல்களைப் பராமரிப்பவருக்கு நிரந்தர வேலை கிடைப்பது அரிது. கட்டுரை எண்ணிக்கை குறைவு என்று சொல்லிவிடுவீர்கள். அவர் போனபின் அந்தக் குறி மரபை யாரிடம் கேட்பது?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஏற்கெனவே வெளியான முடிவைத் தனி வழியில் உறுதிசெய்த கட்டுரையை, முதல் கட்டுரைக்கு நிகராக மதிப்பிடுங்கள். ஒத்துப்போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி. ஒரு பெரிய கணக்குக்கு நிதி தரும்போதே அதை மறுபடி செய்ய வேறொரு குழுவுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். முடியும்வரை அந்த இரு குழுக்களும் எண்களைப் பரிமாறக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய இரண்டு ஆண்டு போஸ்ட்டாக் பதவியில் மூன்று வளையம் முடியாது. இப்படிப்பட்ட வேலைக்கு ஐந்து ஆண்டாவது கொடுங்கள். கருவிகளைக் காப்பவர்களுக்கு, நிறைய இடங்கள் வேண்டாம், சில நிரந்தர இடங்களை உண்டாக்குங்கள்.

ஜெனீவாவின் எல்.எச்.சி. துகள் மோதுவியில் ஒளிர்மையையே (மோதல்களுக்கான வாய்ப்பின் அளவையே) ஒரு சதவீதத்துக்குள் அளந்துவிட்டார்கள். அங்குள்ள அட்லஸ் ஆய்வுக் குழு தன் இரண்டாம் கட்டத் தரவுக்குச் சொல்லும் பிழை 0.83 சதவீதம். அந்தத் துல்லியத்துக்கு எதிரே வைக்க நாங்கள் தரும் பல எண்களை இதுவரை ஒரே ஒரு குழுதான் கணக்கிட்டிருக்கிறது. உங்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும் விண்ணப்பங்களில் எங்காவது "முந்தைய முடிவோடு ஒத்துப்போகிறது" என்ற வரி இருந்தால், தயவுசெய்து அங்கே நிறுத்தி, அது எப்படிச் செய்யப்பட்டது என்று அந்த இளைஞரிடம் கேளுங்கள்.

மரியாதையுடன்,
இரண்டாவதாகக் கணக்கிட்டவர்களில் ஒருவன்